தோளில் ஒரு பூவன் தார்

ஜூலை 21, திங்கள்

பிசியோதெரபி பெண் இன்று ஒரு நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். தினமும் எவ்வளவு நடந்தேன், கால் எப்படி இருந்தது என்று எழுத வேண்டுமாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன் நான். ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வு பெற்று, கறிவேப்பிலை வாங்க ஸ்கூட்டரில் போனவனை ஒரு நாய் குறுக்கே வந்து கவிழ்த்துவிட்டது. இப்போது தொடைக்குள் கம்பி, கையில் தடி. விதியைச் சொல்வதா, நாயைச் சொல்வதா?

நடந்தது: வாசலிலிருந்து பால் பூத் வரை. கால்: திட்டுகிறது.

வீட்டில் நானும் மருமகள் கோதையும்தான். அவளுக்கு ஒன்பதாவது மாதம். என் மகன் செழியன் சரக்குக் கப்பலில் இருக்கிறான்; நவம்பரில்தான் இறக்கி விடுவார்கள். என் பார்வதி போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. கோதைக்கு அம்மா உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில். பத்மாசனி என்று பேர். மகள் எங்கள் வீட்டில் வாழ வந்த நாளிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. ஐயங்கார் வீட்டுப் பெண் என் மகனைக் கட்டியது அவர்களுக்குப் பெரிய இடி. வளைகாப்புக்குக்கூட வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கோதையிடம் "பென்ஷன் விஷயமா போறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்ன பென்ஷன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

கதவைத் திறந்த அம்மாள் ஒல்லியாக, கோதையின் மூக்கோடு நின்றார்.

"யாரு?"

"கோதையோட மாமனாருங்க."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

பொறுமையாகப் பேச வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். வாய் என் பேச்சைக் கேட்டால்தானே!

"அம்மா, மலைக்கோட்டை தாயுமானவர் கதை உங்களுக்கும் தெரியும். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு இந்தப் பக்கம், அம்மாக்காரி அந்தப் பக்கம். காவேரியில வெள்ளம். பாலம் இல்ல, பரிசல் இல்ல. பாவம், அந்தம்மாவால வர முடியல. சாமியே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பாத்தாரு. உங்களுக்கு என்ன கேடு? பாலம் இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கு. பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுகூடக் கெடையாது!"

"நாங்க சிவன் கோயில் கதையெல்லாம் கேக்கற வழக்கமில்லை" என்று சொல்லி அந்த அம்மாள் கதவைச் சாத்தினார். ஆனால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை. நான் தெருமுனை திரும்பும் வரை கேட்கவில்லை.

கால்: கோபத்தில் வலி தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பூண்டு போடாமல் ரசம் வைத்தேன். இதற்குப் பேர் ரசமா, வெந்நீரா தெரியவில்லை. கோதை இரண்டு டம்ளர் குடித்தாள். ஆட்டுக்கால் வாங்கி நாலு மாதம் ஆகிறது. அதை அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

காலை ஆறு மணிக்குக் கோதைக்கு வலி எடுத்தது. ஊரே மஞ்சளும் பூவுமாகக் காவிரிப் படித்துறைக்குப் போகிறது. எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. சிக்கந்தருக்குப் போன் போட்டேன். என் வண்டியில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவன், இப்போதும் அதே ரூட்டில் இருக்கிறான். மச்சான் காரை எடுத்துக்கொண்டு பல் துலக்காமல் ஓடி வந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, "பொண்ணோட அம்மா யாருங்க? ஒருத்தர் உள்ள கூட இருக்கலாம்" என்றாள்.

"அம்மா வரல. நான்தான் இருக்கேன்."

"நீங்க வர முடியாதுங்களே, ஐயா. லேடீஸ் மட்டும்தான்" என்றாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. கதவு மூடும்போது கோதை என்னைத்தான் பார்த்தாள். "மாமா, இங்கயே இருங்கோ, எங்கயும் போயிடாதீங்கோ" என்றாள். எங்கே போவேன் நான்?

மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்தார். குழந்தையின் துடிப்பு குறைகிறது, கோதைக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்றார். கையெழுத்துக் கேட்டார். போட்டேன். பேனாவை மூட வரவில்லை.

வராந்தா கடைசியில் ஒரு ஜன்னல். அதில் மலைக்கோட்டை தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை பஸ் கண்ணாடி வழியே பார்த்த மலை. பார்வதி செழியனைப் பெற்றபோது அவளுடைய அம்மாதான் தார் கொண்டு போய் வைத்தாள். சுகப்பிரசவம் ஆனால் தாயுமானவருக்கு வாழைத்தார் என்பது இந்த ஊர் வழக்கம். அம்மாக்காரி நேர்ந்துகொள்வாள். இங்கே நேர்ந்துகொள்ள யார் இருக்கிறார்கள்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே சொன்னேன்: "தாயுமானவரே, ரெண்டு உசுரையும் முழுசா குடுத்துரு. ஒரு பூவன் தாரை என் தோள்ல வச்சு, நானே சுமந்து மேல கொண்டாறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என் தடியைப் பார்த்தார், அப்புறம் காலைப் பார்த்தார்.

மூன்றரை மணிக்குப் பெண் குழந்தை. ஆபரேஷன் இல்லாமலே பிறந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், சிக்கந்தரும் அழுதான். ஆடிப்பெருக்கில் பிறந்தவளுக்கு வேறென்ன பேர், காவேரிதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

"என் தோளில்" என்றா சொன்னேன்? "நானே" என்றும் சொன்னேனா? ஐயோ.

ஆகஸ்ட் 16, சனி

பெரிய வேலைக்காரனாகிவிட்டேன். குளிப்பாட்ட மட்டும் எதிர்வீட்டுச் செல்லம்மா வருகிறாள். மற்றதெல்லாம் நான்தான். துணி அலசுவது, வெந்நீர் போடுவது, சாம்பிராணி காட்டுவது. கோதை தூங்கும்போது குழந்தை என் மடியில். இடது பக்கம் படுத்தால் அழுகிறாள், வலது பக்கம் என்றால் சமத்து. கியர் மாற்றுவது மாதிரி பழகிவிட்டது.

சாயங்காலம் சிக்கந்தர் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தான். உள்ளே பிரசவ லேகியம், நெய் மினுங்குகிறது.

"யார்றா குடுத்தது?"

"ராஜகோபுரம் ஸ்டாப்புல ஒரு மாமி ஏறுனாங்கண்ணே. கொழந்தை பொறந்த சேதியை டிக்கெட் கிழிக்கறப்ப ஊருக்கெல்லாம் சொன்னேன்ல, காதுல விழுந்திருக்கும். டப்பாவை என் கையில குடுத்து, 'உங்க பழைய டிரைவர் ஆத்துல சேத்துடுப்பா'ன்னாங்க. அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிட்டாங்க."

கோதை ஒரு உருண்டை வாயில் போட்டாள். யார் கைப்பக்குவம் என்று நாக்குக்குத் தெரியாதா? சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போவது போல எழுந்துவிட்டேன்.

டப்பாவை வெறுமனே திருப்பக் கூடாதே. சர்க்கரை போட்டு அனுப்பினேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. குழந்தையின் போட்டோ ஒன்று எப்படியோ உள்ளே போய்விட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

டப்பா இதுவரை மூன்று தடவை பாலம் தாண்டி வந்தது, மூன்று தடவை போனது. அங்கிருந்து பருப்புப்பொடி, சுண்டைக்காய் வற்றல், குழந்தைக்கு வசம்பு. இங்கிருந்து நான் செய்த அதிரசம். அதற்குப் பதிலாக ஒரு சேதி சிக்கந்தர் வாய் வழியாக வந்தது: "பாகு முத்திடுத்துன்னு சொல்லு." ஆள் வரமாட்டாராம், குற்றம் மட்டும் பஸ் ஏறி வருமாம்!

செழியன் போன் செய்தான். கோதை வேண்டுதலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, நவம்பர் பதினாறு நான் வந்துருவேன். பதினேழு சோமவாரம், நல்ல நாளு. தாரை நான் தூக்குறேன். நீங்க கீழ தொட்டுக் குடுத்தா போதும், சாமி ஏத்துக்கும்."

"வாக்குக் குடுத்தது நீயாடா?"

"கம்பி வச்ச காலுப்பா!"

"கம்பி வச்சதுனாலதான்டா இப்ப உறுதியா இருக்கு."

வீம்பாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உண்மையில் எனக்குப் பயம். படியில் விழுந்தால் என்ன ஆவது என்று பயம். சுமக்காமல் விட்டால் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று அதைவிடப் பயம். இரண்டு உயிரைக் கேட்டு வாங்கிக்கொண்டு சொன்ன சொல்லில் தள்ளுபடி கேட்க என்னால் முடியாது.

நடந்தது: மொட்டை மாடிப்படி, ஏறி இறங்கினேன். கையில் அரை வாளித் தண்ணீர். துளசிச் செடிக்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

மாடியில் துளசி அழுகிவிட்டது. தண்ணீர் அதிகமாம். இப்போது தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

விழுந்தேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. கேன் உருண்டது, நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், முழங்கை சிராய்ப்பு. சத்தம் கேட்டுக் கோதை குழந்தையோடு ஓடி வந்தாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா? சாமி கேட்டாரா உங்க தோளை? உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வீம்பு?"

கேனைத் தூக்கிப் போய்ப் பரணில் வைத்துவிட்டாள். நானும் பதிலுக்கு என்னவோ கத்தினேன். ராத்திரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தோசை தின்றோம்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் மாடிப்படிக்குக் கீழே கேன் இருந்தது. பாதிதான் தண்ணீர். பக்கத்தில் ஒரு பழைய துண்டு, தோளுக்கு வைக்கச் சும்மாடு போலச் சுற்றி வைத்திருந்தது. அவள் படிக்குக் கீழே முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். கடை அரிசியில் கல் ஏது?

நான் ஏறி இறங்கும் வரை எழுந்திருக்கவில்லை. இறங்கி வந்ததும், "வலது காலை முதல்ல வைக்காதீங்கோ மாமா. நல்ல கால் முன்னாடி ஏறணும்" என்றாள்.

அக்டோபர் 24, வெள்ளி

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். நன்றாகச் சேர்ந்துவிட்டதாம். தடியை விடலாம், படி ஏறலாம் என்றார்.

"கையில ஏதாவது வச்சுக்கிட்டு ஏறலாமா, டாக்டர்?"

"என்ன வச்சுக்கிட்டு?"

"பழம்."

"பழம்தானே? தாராளமா."

டாக்டர் சொல்லிவிட்டார். நோட்டில் எழுதிவிட்டேன். கோதை என் முகத்தைப் பார்த்தாள். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

வாழைக்காய் மண்டிக்குப் போய்ப் பூவன் தார் எடுத்தேன். வியாபாரி சின்னத் தாராகக் காட்டினான். "ஐயா, உங்க வயசுக்கு இது போதும்" என்றான். என் வயசை அவனா ஏலம் விடுகிறான்? அதற்குப் பக்கத்துத் தாரை எடுத்தேன். நல்ல நெருக்கமான சீப்பு, பச்சைக் காய். பதினேழாம் தேதிக்குச் சரியாகப் பழுக்கும் என்றான். கூடத்து ஆணியில் தொங்கவிட்டேன். குழந்தை அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

பதினாறு செழியன் வருகிறான். அவன் என் தோளிலிருந்து பிடுங்காமல் விடமாட்டான்.

நவம்பர் 13, வியாழன்

தார் பழுத்துவிட்டது! முழுக்க மஞ்சள். இந்த மழையிலும் பழுத்திருக்கிறது, என்ன சொல்வது, பூவன் ஜாதி அப்படி. இனி மூன்று நாள் தாங்காது, உதிர்ந்துவிடும். உதிர்ந்த தாரைச் சாமிக்கு வைக்க முடியுமா? நாளைக்கே வெள்ளிக்கிழமை, நல்ல நாள். வேறு வழியில்லை.

கோதை கூட்டிப் பெருக்கும்போது தாருக்கு அடியிலிருந்து ஊதுவத்திக் குச்சிகளை ஒரு கை நிறையப் பொறுக்கினாள். மூலையில் சாக்கும் வேப்பிலையும் கிடந்தன.

"மாமா, இது என்ன?"

"கொசு."

"தார்க்காம்புலகூடக் குத்தியிருக்கே?"

"அங்கதான் கொசு ஜாஸ்தி."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செழியனிடம் போனில், "தார் தானா பழுத்துடுத்து, என்ன பண்றது" என்று அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். இந்தப் பெண்ணுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

டப்பாவை இன்று சிக்கந்தரிடம் கொடுத்தனுப்பினேன். சேதி எதுவும் சொல்லவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு மலைக்கோட்டை என்று பேச்சுவாக்கில் சொன்னேன், அவ்வளவுதான். அதுவும் இரண்டு தடவைதான் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஏறினேன்.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். கை வலித்தாலும் எழுதுகிறேன்.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னிதி. செருப்பை விட்டுவிட்டுத் திரும்பினால், அங்கே பத்மாசனி அம்மாள் நிற்கிறார். கையில் அந்த எவர்சில்வர் டப்பா. ஒன்பது கஜப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. கோதை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அந்த அம்மாள் யாரையும் பார்க்காமல், "நான் ஒண்ணும் உங்க சிவன் கோயிலுக்கு வரலை. உச்சியில இருக்கற தும்பிக்கை ஆழ்வாரைச் சேவிக்க வந்தேன்" என்றார். பிள்ளையாருக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் அது.

"தாராளமா சேவிங்க. பாதை ஒண்ணுதானே" என்றேன்.

கோதை குழந்தையை நீட்டினாள். அந்த அம்மாள் டப்பாவை என் கையில் திணித்துவிட்டுக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "என் மூக்கு" என்றார். கோதை அம்மாவின் தோளில் முகத்தை வைத்தாள். வழியில் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அண்ணே, நீங்க ஏறி இறங்குற வரைக்கும் நான் எதிர்க்கடையில டீ குடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சிக்கந்தர் தாரைத் தூக்கி என் தோளில் வைத்தான். சும்மாட்டுத் துண்டைக் கோதை சரி செய்தாள்.

படி எத்தனை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். நான் எண்ணவில்லை. கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டு வண்டி ஓட்டினால் ஊர் வந்து சேராது. நல்ல கால் முன்னே, கம்பிக் கால் பின்னே. முதல் வளைவு வரை ராஜா மாதிரி ஏறினேன். அப்புறம் தோள் எரிந்தது. நூற்றுக்கால் மண்டபத்துக்குக் கிட்டே வந்தபோது தொடையில் கம்பி இருக்கிற இடம் இழுத்துப் பிடித்தது. சுவரில் சாய்ந்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது. காலேஜ் பையன்கள் இரண்டு பேர், "குடுங்க சார், நாங்க தூக்குறோம்" என்று கை நீட்டினார்கள். ஒரு நொடி ஆசை வந்தது. வந்தது என்றே எழுதுகிறேன்.

"வேண்டாம்ப்பா, இது என் டூட்டி" என்றேன்.

பின்னாலிருந்து பத்மாசனி அம்மாள் குரல் கேட்டது: "என்ன டிரைவர் சார், பாலம் இருக்கு, பஸ் இருக்குன்னு என் வாசல்ல வந்து அவ்வளவு பேசினேளே. இப்ப வண்டி நின்னுடுத்தா?"

"ஸ்டாப்புங்க. ஆள் ஏத்த நிக்குது."

"ஆள் எல்லாம் ஏறியாச்சு. ரைட்!"

என் வாழ்க்கையில் எத்தனையோ கண்டக்டர் 'ரைட்' சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு 'ரைட்' கேட்டதில்லை. சிரிப்பில் கால் தானாக எழுந்தது. அதற்கப்புறம் நிற்கவில்லை.

தாயுமானவர் சன்னிதி. என்னைப் போலத் தாரோடு வந்த குடும்பங்கள் வரிசையில் நின்றன. பெரும்பாலும் அம்மாமார்கள்தான் முன்னால். பத்மாசனி அம்மாள் சொன்ன சொல் மாறாமல் குழந்தையைக் கோதையிடம் கொடுத்துவிட்டு, சன்னிதிக்குள் நுழையாமல் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். சிவனைப் பார்க்காமல் தூணைப் பார்த்தார்.

எங்கள் முறை வந்தது. குருக்கள் கோதையிடம் பேரும் நட்சத்திரமும் கேட்டார். அப்புறம், "பொண்ணோட அம்மா யாரு? முன்னாடி வாங்கோ" என்றார்.

ஆஸ்பத்திரிக் கதவு மூடியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பழக்கத்தில் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். கோதை திரும்பித் தூண் பக்கம் பார்த்தாள். பெற்றவள் அங்கே நிற்கிறாளே, கூப்பிட வேண்டியது நியாயம்தானே.

பத்மாசனி அம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நான் பெத்தவ. அவ்வளவுதான். அம்மான்னா, அதோ தாரைச் சுமந்துண்டு நிக்கறாரே, அவர்தான். அவரை முன்னாடி விடுங்கோ!"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டி மடித்துக் கட்டி, மீசையில் வேர்வை சொட்ட நிற்கிற ஆளை. யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் நகர்ந்து வழி விட்டாள். குருக்கள் ஒரு நொடி என்னைப் பார்த்தார், உள்ளே லிங்கத்தைப் பார்த்தார். "வாங்கோ, வாங்கோ" என்று இரண்டு கையையும் நீட்டித் தாரை வாங்கிக்கொண்டார்.

தோளில் பாரம் இறங்கியது. நான் அழுதேன். அத்தனை பேர் முன்னால் விக்கி விக்கி அழுதேன். கோதை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தீபாராதனை தெரிந்ததா என்று கேட்டால், இல்லை, கண் முழுக்கத் தண்ணீர். ஆனால் தாயுமானவர் என்னைப் பார்த்திருப்பார்.

பிரசாதமாகத் தண்டோடு கொஞ்சம் சீப்பு திரும்பி வந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்த பெண்களுக்கெல்லாம் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன்.

"நான் மேல போகணும். தும்பிக்கை ஆழ்வார் காத்துண்டிருப்பார். நீங்க இங்கயே உக்காருங்கோ" என்றார் பத்மாசனி அம்மாள். என்னையா உட்காரச் சொல்கிறார்? பாறைப்படியில் அவருக்கு முன்னால் நான்தான் உச்சிக்குப் போனேன். காற்று அடித்தது. கீழே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம், நடுவே பாலம். பாலத்தில் ஒரு டவுன் பஸ் ஊர்ந்தது. குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். "பாருடி, உங்க தாத்தா ஓட்டின ரூட்டு" என்றேன். தூங்கிவிட்டாள்.

நடந்தது: மலைக்கோட்டை, உச்சி வரை. தோளில் தார். கால்: கேட்கவே வேண்டாம். இவ்வளவு சந்தோஷமாக வலித்ததில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

செழியன் வந்தான். மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, கூடத்து ஆணியைப் பார்த்தான். வெறும் தண்டு தொங்கியது.

"ரெண்டு நாள் பொறுக்க முடியலையாப்பா?"

"நான் பொறுப்பேன்டா. பழம் பொறுக்கலையே."

அடுப்படியிலிருந்து அவன் மாமியார் எட்டிப் பார்த்து, "கொசுத் தொல்லை, மாப்பிள்ளை" என்றார். கோதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அந்த அம்மாள் நேற்றுக் காலைப் பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்கியவர், என் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதிரசப் பாகு எப்படி வைப்பது என்று எனக்கே பாடம் நடக்கிறது. பூண்டு டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை.

செழியன் தண்டை எடுத்துக் குப்பையில் போடப் போனான். "வைடா அதை!" என்று ஒரு சத்தம் போட்டேன். குழந்தை திடுக்கிட்டு விழித்து, என்னைப் பார்த்துச் சிரித்தது.

காய்ந்ததும் நானே எடுத்துப் போடுவேன். மெதுவாகக் காயட்டும், அவசரமில்லை.